நொதியின் சாவியைத் தேடிய நங்கை – கெர்ட்டி கோரி அம்மையார்

முன்னுரை

அறிவியல் உலகில் புகழ் பெற்ற பெண்மணி யார் என்று வினவினால், நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் மேரி கியூரி அம்மையாரின் பெயரைச் சொல்லிவிடுவோம். அறிவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற இரண்டாவது பெண்மணி அவருடைய மகள் ஐரீன் என்பதும் நம்மிற் சிலருக்குத் தெரியும். மூன்றாமவர் யார் என்று கேட்டால் நாம் விழிப்போம். அவர்தாம் கெர்ட்டி கோரி அம்மையார். மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி என்ற பெருமையும் அவரையே சாரும்.

காலையில் நாம் உண்ட இட்லி மாலையில் நம்மை விளையாட்டுத் திடலில் ஓட வைக்கிறது. இரவெல்லாம் ஒன்றும் உண்ணாமல் உறங்கினாலும் நம் மூளையும் இதயமும் நிற்காமல் வேலை செய்கின்றன. உண்ட உணவு எங்கே சேமிக்கப்படுகிறது? அதை வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடிவைக்கும் சாவி எது? இவ்வினாக்களுக்கு விடை தேடி வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் இவ்வம்மையார். அவரது வாழ்க்கையை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், அன்று ஆஸ்திரிய–அங்கேரியப் பேரரசில் இருந்த பிராக் நகரில் கெர்ட்டி பிறந்தார். தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழா நாளும் நம் நாட்டு விடுதலைத் திருநாளும் அதுவே ஆதலால், இப்பிறந்த நாளை நாம் எளிதில் மறக்க மாட்டோம். தந்தையார் ஓட்டோ ராட்னிட்ஸ் ஒரு வேதியியலார். பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளை நிர்வகித்து வந்தார். தாயார் மார்த்தா. யூதக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விருவருக்கும் பிறந்த மூன்று பெண்மக்களுள் கெர்ட்டியே மூத்தவர். தந்தை ஆலையிலே சர்க்கரையைத் தூய்மை செய்தார். மகளோ மனித உடலுக்குள் சர்க்கரை செல்லும் வழியைத் தேடப் பிறந்தார்!

பத்து வயது வரை அவருக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது. பிறகு பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டவை, நல்ல குடும்பத்துப் பெண்ணாகப் பழகுவதற்குத் தேவையான பாடங்களே. கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பெண்ணுக்கு எதற்கு என்று எண்ணிய காலம் அது. கெர்ட்டியின் உறவினருள் ஒருவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர். அவர் கொடுத்த ஊக்கத்தால், பதினாறு வயதில் தாமும் மருத்துவராவது என்று கெர்ட்டி உறுதி பூண்டார்.

ஆனால் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய வேண்டுமானால் இலத்தீன் மொழியும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும். அவர் படித்த பள்ளியில் இவை போதிய அளவு கற்பிக்கப்படவில்லை. மற்ற மாணவர்கள் எட்டு ஆண்டுகளில் கற்கும் இலத்தீனையும், ஐந்து ஆண்டுகளில் கற்கும் கணிதத்தையும் அறிவியலையும் கெர்ட்டி ஏறத்தாழ ஓராண்டிலேயே கற்று முடித்தார். அரசுத் தேர்வுக்கு ஆறு திங்களே உள்ளன என்று அஞ்சும் நமக்கு இந்தச் செய்தி எவ்வளவு தெம்பைத் தருகிறது! 1914ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில் வென்று, பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்.

திருமணமும் வறுமையும்

மருத்துவ வகுப்பில் அவருடன் பயின்றவர் கார்ல் கோரி. மலையேறுவதிலும் ஆராய்ச்சியிலும் இருவருக்கும் ஒரே வகையான ஆர்வம். முதல் உலகப் போர் மூண்டதால் கார்ல் படையில் சேர்ந்து பணியாற்ற நேர்ந்தது. போர் முடிந்து திரும்பிய பின் 1920ஆம் ஆண்டில் இருவரும் மருத்துவப் பட்டம் பெற்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் வியன்னா நகரில் திருமணம் நடந்தது. திருமணத்தை முன்னிட்டுக் கெர்ட்டி கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். இருவர் பெயரும் தாங்கிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரையும் அதே ஆண்டில் வெளிவந்தது. அன்று தொடங்கிய கூட்டுப்பணி அம்மையார் கண் மூடும் வரை நீடித்தது.

போரில் தோற்ற நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியது. வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கெர்ட்டி பணியாற்றினார். போதிய உணவு கிடைக்கவில்லை. சத்துக் குறைவால் அவருக்குக் கண்நோய் வந்தது. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் கண் வறண்டு பார்வை கெடும் என்று நாம் பாடநூலில் படிக்கிறோம் அல்லவா? அந்நோயே ஒரு மருத்துவரைப் பற்றியது. பெற்றோரின் இல்லத்திற்குச் சென்று நல்ல உணவு உண்ட பின்னரே அவர் குணமடைந்தார். உணவும் உடலும் கொண்டுள்ள உறவைப் புத்தகத்தில் மட்டுமன்றித் தம் உடலிலேயே அவர் அறிந்துகொண்டார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் யூதர்கள்பால் வெறுப்பும் வளர்ந்து வந்தது. திருமறை மாறினாலும் பிறந்த குலத்தைச் சொல்லித் தள்ளிவைப்போர் இருந்தனர். இங்கே இனி ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று உணர்ந்த இருவரும் கடல் கடக்க முடிவு செய்தனர்.

அமெரிக்க மண்ணில்

1922ஆம் ஆண்டில் கார்ல், நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரத்திற்குச் சென்றார். புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. சில திங்கள் கழித்துக் கெர்ட்டியும் அங்கே துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1928இல் இருவரும் அமெரிக்கக் குடிமக்களாயினர்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை அங்கே பலர் விரும்பவில்லை. கணவருடன் சேர்ந்து வேலை செய்வதை நிறுத்தாவிட்டால் வேலை போய்விடும் என்று கெர்ட்டி எச்சரிக்கப்பட்டார். பின்னர் ஒரு பல்கலைக்கழகம் கார்லுக்குப் பதவி கொடுக்க முன்வந்தது. ஆனால் மனைவியோடு சேர்ந்து ஆராய்வதைக் கைவிட வேண்டும் என்றது. கணவரின் முன்னேற்றத்திற்கு அவர் தடையாக நிற்பதாகக் கெர்ட்டியின் முகத்துக்கு நேராகவே சொல்லப்பட்டது. அவர் மனம் நொந்து அழுதார். ஆனால் ஆராய்ச்சியை விடவில்லை. கார்லும் மனைவியைப் பிரித்துக் கொடுக்கும் பதவி எதையும் ஏற்கவில்லை. இத்தகைய துணைவரைப் பெற்றது அம்மையாரின் பேறு என்றே நாம் சொல்வோம்.

பஃபலோவில் இருந்தபோதே, 1929ஆம் ஆண்டில், இருவரும் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். நாம் உண்ணும் மாவுப்பொருள் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸ், கிளைக்கோஜன் என்னும் பெரிய மூலக்கூறாகக் கோக்கப்பட்டுக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. நாம் விரைந்து ஓடும்போது தசை தன்னிடமுள்ள கிளைக்கோஜனைச் சிதைத்து ஆற்றல் பெறுகிறது. அப்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. அவ்வமிலம் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அந்தக் குளுக்கோஸ் மறுபடியும் தசையை அடைகிறது. இவ்வாறு சுற்றிச் சுற்றி வரும் இந்நிகழ்ச்சிக்குக் கோரி சுழற்சி என்று பெயர். கடல் நீர் ஆவியாகி, மழையாகி, ஆறாகி மீண்டும் கடலைச் சேர்வது போன்ற சுழற்சி நம் உடலுக்குள்ளும் நடைபெறுவதை எண்ணும்போது, படைத்தவனின் திறத்தை வியவாதிருக்க முடியுமா?

செயிண்ட் லூயி நகரில்

1931ஆம் ஆண்டில் செயிண்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருவரையும் அழைத்தது. பிரான்சு நாட்டு அரசராய் விளங்கிய புனித லூயியின் பெயரைத் தாங்கிய நகரம் அது. கார்லுக்குத் துறைத் தலைவர் பதவி. அவருக்கு இணையான கல்வியும் அனுபவமும் பெற்ற கெர்ட்டிக்கோ ஆராய்ச்சி உதவியாளர் என்ற சிறு பதவியும், கணவரின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியுமே தரப்பட்டன. ஒரே குடும்பத்தில் இருவருக்கு ஆசிரியப் பதவி தரலாகாது என்பது அக்காலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விதி. அவ்விதியின் சுமை மனைவியர் தோளிலேயே விழுந்தது. முழுப் பேராசிரியர் பதவி கெர்ட்டியைத் தேடி வர 1947ஆம் ஆண்டு பிறக்க வேண்டியதாயிற்று. பதினாறு ஆண்டுகள் அவர் காத்திருந்தார். ஆனால் கைகட்டிக் காத்திருக்கவில்லை.

1936ஆம் ஆண்டில் தவளையின் தசையை அரைத்து ஆராய்ந்தபோது, இதுவரை யாரும் அறியாத ஒரு பொருளை இருவரும் கண்டனர். அது குளுக்கோஸுடன் பாஸ்பேட் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். கிளைக்கோஜன் சிதையும்போது முதலில் தோன்றுவது இதுவே. இன்று அதைக் கோரி எஸ்டர் என்று அழைக்கின்றனர். அதே ஆண்டில்தான் அவர்களுடைய ஒரே மகன் டாம் பிறந்தான். குழந்தை பிறப்பதற்குச் சற்று முன்பு வரை அம்மையார் ஆய்வுக்கூடத்தில் நின்று வேலை செய்தார்.

கிளைக்கோஜனைச் சிதைத்துக் கோரி எஸ்டரை உண்டாக்கும் நொதியையும் அவர்கள் கண்டுபிடித்து, அதற்குப் பாஸ்பாரிலேஸ் என்று பெயரிட்டனர். அந்நொதியைக் கொண்டு 1939ஆம் ஆண்டில் சோதனைக் குழாயிலேயே கிளைக்கோஜனை உருவாக்கிக் காட்டினர். உயிருள்ள உடலில் மட்டுமே உண்டாகும் என்று எண்ணப்பட்ட பெரிய மூலக்கூறு ஒன்று கண்ணாடிக் குழாயில் உருவானதைக் கண்டு அறிஞர் உலகம் வியந்தது.

உறங்கும் நொதியும் விழித்த நொதியும்

நொதி என்பது ஒரு புரதம் என்று நாம் படித்துள்ளோம். உடலில் நடைபெறும் வேதிவினைகளை விரைவுபடுத்துவது அதன் வேலை. ஆனால் இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். கிளைக்கோஜனைச் சிதைக்கும் பாஸ்பாரிலேஸ் தசையில் எப்போதுமே இருக்கிறது. அது ஓயாமல் வேலை செய்துகொண்டே இருந்தால், சேமிப்பு முழுவதும் வீணாய்க் கரைந்துவிடாதா? நெற்குதிரின் அடியில் உள்ள துளையை யாரும் அடைக்காமல் விட்டால், அறுவடை செய்த நெல் முழுவதும் தரையில் கொட்டிவிடும் அன்றோ? ஆகவே அத்துளையை மூடவும் திறக்கவும் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் முதற் சுவட்டைக் கண்டவர் கெர்ட்டி அம்மையாரே. ஆர்டா கிரீன் என்னும் மற்றொரு பெண் அறிஞருடன் சேர்ந்து, முயலின் தசையிலிருந்து பாஸ்பாரிலேஸைத் தூய படிகங்களாகப் பிரித்தெடுத்தார். 1943ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியில் ஒரு புதுமை தெரிந்தது. அந்நொதி இரு வடிவங்களில் இருந்தது. ஒன்று ‘ஏ’ வடிவம். தானே வேலை செய்யும். மற்றொன்று ‘பி’ வடிவம். அடினிலிக் அமிலம் என்னும் பொருளைக் கூடச் சேர்த்தால் அன்றி அது வேலை செய்வதில்லை. ‘ஏ’ விழித்திருக்கும் நொதி. ‘பி’ உறங்கும் நொதி என்று நாம் கொள்ளலாம். இவையன்றி, விழித்த வடிவத்தை உறங்கும் வடிவமாக மாற்றும் மற்றொரு நொதியும் தசையில் இருப்பதை அவர்கள் கண்டனர்.

அப்படியானால் ‘ஏ’ வடிவத்தில் இருந்து, ‘பி’ வடிவத்தில் இல்லாமற் போனது என்ன? ‘பி’யை எழுப்புவது அடினிலிக் அமிலம், ஆகவே ‘ஏ’ வடிவத்தில் அவ்வமிலம் இறுக ஒட்டியிருக்க வேண்டும், அதை நீக்கினால் ‘பி’ கிடைக்கிறது என்று அம்மையார் கருதினார். மிகவும் நியாயமான கருத்து. ஆனால் எவ்வளவு தேடியும் ‘ஏ’ வடிவத்திற்குள் அடினிலிக் அமிலம் அகப்படவே இல்லை. சாவி ஒன்று இருக்கிறது என்பதைக் கண்டவருக்கு, அச்சாவி எப்படிப்பட்டது என்பது புலப்படவில்லை. அந்தப் புதிரை விடுவிக்க மற்றவர்கள் வர வேண்டியிருந்தது.

நோபல் பரிசும் நோயும்

1947ஆம் ஆண்டு அம்மையாரின் வாழ்வில் இன்பமும் துன்பமும் கைகோத்து வந்த ஆண்டு. அவ்வாண்டு கோடையில் கணவருடன் கொலராடோ மலைப்பகுதியில் ஏறும்போது மயங்கி விழுந்தார். எலும்பு மச்சை நாராக மாறி, இரத்தம் உண்டாக்கும் வேலை நின்றுபோகும் கொடிய நோய் அவரைப் பற்றியிருப்பது தெரிய வந்தது. அதற்கு அன்று மருந்தில்லை.

அதே ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசின் ஒரு பாதி கோரி தம்பதியருக்கு. மறு பாதி அர்ஜென்டினா நாட்டு அறிஞர் பெர்னார்டோ ஊசேக்கு. கியூரி தம்பதியர், ஜோலியோ–கியூரி தம்பதியர் ஆகியோருக்குப் பின் நோபல் பரிசைச் சேர்ந்து பெற்ற மூன்றாவது தம்பதியர் இவர்களே. அமெரிக்கப் பெண் ஒருவர் அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்றதும் அதுவே முதல் முறை. ஸ்டாக்ஹோம் நகரில் பரிசுப் பேருரையையும் இருவரும் பங்கிட்டுக்கொண்டே நிகழ்த்தினர். ஒன்றாகச் செய்த பணிக்கு ஒன்றாகவே நின்று பேசினர்.

பரிசு பெற்ற பின் ஓய்வு கொள்ளலாம் என்று எவரும் சொல்வர். நோயுற்றவருக்கு அது இன்னும் பொருந்தும். அம்மையாரோ அடுத்த பத்து ஆண்டுகளும் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். அடிக்கடி பிறர் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தின் அருகே ஒரு சிறு கட்டில் போடப்பட்டது. களைத்தால் அதில் படுப்பார். தெளிந்தால் எழுந்து வேலையைத் தொடர்வார்.

அந்நாட்களில் அவர் தம் இளமைப் பணியை நினைவுகூர்ந்தவர் போலக் குழந்தைகளின் நோய் ஒன்றை ஆராய்ந்தார். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கல்லீரலில் கிளைக்கோஜன் அளவுக்கு மீறித் தங்கி, வயிறு வீங்கிவிடும். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும். கிடங்கு நிறைந்திருந்தும் குழந்தை பசியால் வாடும் நிலை! அத்தகைய ஒரு வகை நோயில், கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியே விடுவதற்கு உதவும் ஒரு நொதி இல்லை என்பதை 1952ஆம் ஆண்டில் கோரி தம்பதியர் காட்டினர். நொதி ஒன்றின் குறையே இத்தகைய பரம்பரை நோய்க்குக் காரணம் என்று கல்லீரலையே சோதித்து மெய்ப்பித்த முதல் ஆராய்ச்சி அது. அந்நோய்களுள் மற்றொரு வகை இன்று கோரி நோய் என்றே வழங்கப்படுகிறது.

அவர் மாணவர்களிடம் கண்டிப்பானவர். சோதனையில் சிறு கவனக்குறைவையும் பொறுக்க மாட்டார். ஆனால் ஆணா பெண்ணா, எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர் என்று பாராமல் அவருடைய ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தே இருந்தது. தாம் பட்ட இன்னல் பிறருக்கு வரலாகாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1950களில் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் தம் வாழ்க்கை நம்பிக்கைகளைப் பற்றிப் பேசியபோது, நேர்மையையும் துணிவையும் இரக்கத்தையும் தாம் போற்றுவதாகவும், வயது ஏற ஏற இரக்கமே பெரிதாகத் தோன்றுவதாகவும் அவர் கூறினார்.

1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள், தம் இல்லத்தில் அறுபத்தொன்றாம் வயதில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

மாணவர்கள் கண்ட விடை

ஆசிரியரின் பெருமை மாணவரால் விளங்கும் என்பதற்குக் கோரி தம்பதியரின் ஆய்வுக்கூடமே சான்று. அவர்களைத் தவிர, அங்கே ஒரு காலத்தில் பணியாற்றிய அறுவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். செவரோ ஒச்சோவாவும் ஆர்தர் கார்ன்பர்க்கும் 1959இலும், லூயிஸ் லெலோயிர் 1970இலும், ஏர்ல் சதர்லேண்ட் 1971இலும், கிறிஸ்டியன் டி டூவே 1974இலும், எட்வின் கிரெப்ஸ் 1992இலும் அப்பரிசைப் பெற்றனர்.

இவர்களுள் கிரெப்ஸ்தாம் அம்மையார் விட்ட புதிரைக் கையிலெடுத்தவர். அவர் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர் என்பவருடன் சேர்ந்து, கோரி தம்பதியர் சொன்ன முறைப்படியே முயல் தசையிலிருந்து பாஸ்பாரிலேஸைப் பிரித்தார். தசைச் சாற்றை வடிதாளில் வடிகட்டியபோது ‘ஏ’ வடிவம் கிடைத்தது. வடிதாளை விட்டுவிட்டு, வேகமாகச் சுழலும் பொறியில் வைத்துத் தெளியவைத்தபோதோ ‘பி’ வடிவமே கிடைத்தது. தாளில் என்ன மாயம் இருக்க முடியும்? ஆராய்ந்து பார்த்ததில், தாளில் ஒட்டியிருந்த சிறிதளவு கால்சியமே காரணம் என்று தெரிந்தது. அந்தக் கால்சியம் சாற்றில் இருந்த மற்றொரு நொதியைத் தூண்டிவிட்டது. அந்த நொதி, உயிரணுவின் ஆற்றல் பொருளான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பெயர்த்தெடுத்து, உறங்கும் பாஸ்பாரிலேஸின் மேல் ஒட்டிவிட்டது. உடனே அது விழித்துக்கொண்டது!

ஆம், அம்மையார் தேடிய சாவி அடினிலிக் அமிலம் அன்று. பாஸ்பேட் என்னும் சிறிய வேதித் தொகுதியே. 1955ஆம் ஆண்டில், அம்மையார் உயிரோடிருந்தபோதே, இம்முடிவு வெளியாயிற்று. பாஸ்பாரிலேஸ் புரதம், எண்ணூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் பதினான்காம் இடத்தில் உள்ள செரின் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறது. அந்தச் சிறு மாற்றத்தால் புரதத்தின் வடிவமே சற்றுத் திரும்பி, வேலை செய்யும் இடம் திறந்துகொள்கிறது. பாஸ்பேட்டை ஒட்டும் நொதிக்குக் கைனேஸ் என்றும், அதை நீக்கும் நொதிக்குப் பாஸ்படேஸ் என்றும் பெயர். அம்மையார் 1943இல் கண்ட, விழித்த வடிவத்தை உறங்க வைக்கும் நொதி ஒரு பாஸ்படேஸே.

நாய் ஒன்று துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சத்தால் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் பாய்கிறது. அது உயிரணுவின் வாசலில் செய்தி சொல்கிறது. உள்ளே அச்செய்தியைக் கொண்டு செல்லும் தூதுப் பொருளைக் கண்டவர் சதர்லேண்ட். செய்தி கைனேஸை அடைகிறது. கைனேஸ் பாஸ்பாரிலேஸை எழுப்புகிறது. கிளைக்கோஜன் கிடங்கு திறக்கிறது. நாம் தலைதெறிக்க ஓடுகிறோம். அதே வேளையில் மற்றொரு விந்தையும் நடக்கிறது. கிளைக்கோஜனைக் கோக்கும் நொதியின் மேலும் பாஸ்பேட் ஒட்டுகிறது. ஆனால் அது விழிப்பதற்கு மாறாக உறங்கிப் போகிறது. இதைக் கண்ட ஜோசப் லார்னரும் கெர்ட்டி அம்மையாருடன் பணியாற்றியவரே. ஒரே பாஸ்பேட் எடுக்கும் கதவைத் திறக்கிறது. சேர்க்கும் கதவை மூடுகிறது. ஒரு கையால் எடுத்து மறு கையால் சேர்க்கும் வீண் வேலை உடலில் இல்லை.

முதலில் இது ஒரே ஒரு நொதியின் கதை என்றே பலரும் எண்ணினர். ஆனால் மனித உடலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருப்பது இன்று தெரிந்துள்ளது. உயிரணு வளர்வதும், பிரிவதும், ஓய்வதும் பெரும்பாலும் இந்தப் பாஸ்பேட் சாவியினாலேயே நடைபெறுகின்றன. இக்கண்டுபிடிப்பிற்காகவே கிரெப்ஸும் ஃபிஷரும் 1992ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

இங்கே நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. கைனேஸ் ஒன்று கட்டுப்பாடின்றி எந்நேரமும் விழித்தே இருந்தால் நோய் பிறக்கும். அம்மையாரைக் கொன்ற எலும்பு மச்சை நோய் உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அத்தகைய ஒரு கைனேஸின் கோளாறு இருப்பது 2005ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அந்தக் கைனேஸை அடக்கும் மருந்து 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது. அது நோயை அடியோடு நீக்காவிட்டாலும், வேதனையைக் குறைத்து நோயாளிகளுக்கு ஆறுதல் அளிக்கிறது. முயலின் தசையில் உறங்கும் நொதியையும் விழித்த நொதியையும் பிரித்துப் பார்த்த அந்த அம்மையாருக்கு, தம் நோய்க்குரிய மருந்தின் பாதையில் முதல் அடியைத் தாமே எடுத்துவைக்கிறோம் என்று அன்று தெரிந்திருக்க வழியில்லை. விதைத்தவர் உண்ணவில்லை, ஆனால் விளைச்சல் வீணாகவில்லை.

முடிவுரை

நிலவின் மறுபக்கத்தில் உள்ள பள்ளம் ஒன்று இன்று கோரி என்னும் பெயரைத் தாங்குகிறது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அம்மையாரின் உருவத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது. அதில் அச்சிட்ட கோரி எஸ்டரின் அமைப்பு வாய்பாட்டில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது என்பது சுவையான செய்தி. சிறு பிழையையும் பொறுக்காத அம்மையார் அதைக் கண்டிருந்தால், உடனே சிவப்பு மையை எடுத்திருப்பார் என்று எண்ணி நாம் புன்னகை செய்யலாம்.

கெர்ட்டி கோரி அம்மையாரின் வாழ்க்கை மாணவியராகிய நமக்குக் கற்பிப்பவை பல. கற்பிக்கப்படாத பாடத்தையும் தாமே கற்கலாம் என்பதை அவரது பதினாறாம் வயது காட்டுகிறது. பதவி சிறிதாயினும் பணி பெரிதாகலாம் என்பதை அவர் காத்திருந்த ஆண்டுகள் காட்டுகின்றன. ஆயினும், அப்படிக் காத்திருக்க வைத்தது நீதியன்று என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர் பொறுத்தார் என்பதற்காக, இனி வரும் பெண்களும் பொறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. பெண்மக்களைப் பெற்றோரும் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

எல்லாவற்றிற்கும் மேலாக, விடை முழுவதும் ஒருவருக்கே கிடைப்பதில்லை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. அவர் சாவி உண்டு என்று கண்டார். அச்சாவி எது என்பதைப் பிறர் கண்டனர். அவர் துல்லியமாகச் சோதித்து எழுதி வைத்திராவிட்டால், பின்வந்தவர்களுக்கு அடுத்த படி எது என்றே தெரிந்திராது. தாலந்துகளைப் பற்றிய நற்செய்தி உவமையை நாம் அறிவோம். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைக்காமல் பெருக்கியவர்களுள் கெர்ட்டி அம்மையாரும் ஒருவர்.

ஒரு புரதத்தை விழிக்கச் செய்யச் சிறியதொரு பாஸ்பேட் போதும். நம்முள் உறங்கும் ஆற்றல்களை எழுப்பவும், தக்க நேரத்தில் ஓர் ஆசிரியையோ பெற்றோரோ தரும் சிறு ஊக்கம் போதும். அத்தகைய ஊக்கத்தைப் பெற்றவர்கள் நாம். அதனைப் பிறருக்கும் அளித்து, கற்பதில் களைப்பின்றி, உண்மையில் உறுதியாய், இரக்கத்தில் சிறந்து வாழ்வோமாக!